ஆறாவது தட்டு

கை நீட்டி வாங்கலையேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா. பாருங்க, மணிக்கட்டு வரைக்கும் புளி. கொட்டை எடுக்க உக்காந்துட்டா நடுவுல கை கழுவ முடியாதுங்க. ஈரக்கை பட்டா புளி கருத்துப் போயிரும், எடுக்க வர்ற யாவாரி திட்டுவாரு. அந்தப் பையை அப்படியே ஸ்டூல் மேல வையுங்க. நீங்க இந்தச் சாக்கு மேல உக்காருங்க. மடியில தூசி ஒட்டும், பரவாயில்லீங்களா?

நீங்க உள்ள வந்ததும் சுவத்தைத்தான் பாத்தீங்க. மாலை போட்ட போட்டோவைப் பாத்துட்டு, "இது சென்னி அண்ணனோட அண்ணனா?"ன்னு கேட்டீங்க. இல்லீங்க, அது அவரேதான். ஐப்பசி மாசம் தவறிப் போயிட்டாரு. "போன வாரம்கூட எனக்கு மெசேஜ் போட்டாரே"ன்னு அப்படியே நிலைப்படியில நின்னுட்டீங்க. ஆமாங்க. போட்டது நானுங்க.

அழாதீங்க அக்கா. நீங்க அழுதா அத்தை வந்துருவாங்க. பாப்பாவுக்கு எடை பாக்க அங்கன்வாடியில இருந்து வந்திருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அங்கன்வாடி டீச்சர் எதுக்கு அழுவாங்க?

நான் இந்த மாதிரி யார்கிட்டயும் உக்காந்து பேசினது இல்லீங்க. கடைக்குப் போனாக்கூட கையைக் காட்டித்தான் சாமான் வாங்குவேன். அவரே சொல்வாரு, "நாகு, உன்னைக் கட்டினதுக்கு ஒரு ஊமைச்சாமியைக் கட்டியிருக்கலாம், அது வருஷத்துக்கு ஒரு தடவையாவது குறி சொல்லும்"னு. ஆனா உங்களை எனக்குத் தெரியுமில்லீங்களா. கரூர் ரெஜினா. அந்தப் படத்துல வர்ற ஆறாவது தட்டு ரோபோவுக்குத்தான்னு குரூப்ல சண்டை போட்டவங்க. அப்படி இருக்க முடியாதுன்னு நான் போட்டதுக்குக் கோவிச்சுக்கிட்டு எங்கிட்ட நாலஞ்சு நாள் பேசவே இல்ல. எங்கிட்டன்னா, அவருகிட்ட.

அட்ரஸ் கொடுத்ததுதான் என் கெட்ட நேரம். "அண்ணே, ஒரு கொரியர் அனுப்போணும், அட்ரஸ் போடுங்க"ன்னீங்க. கொரியர்தானேன்னு போட்டுட்டேன். நீங்களே கொரியரா வந்து வாசல்ல நிப்பீங்கன்னு நான் கண்டனா?

முதல்ல இருந்து சொல்றேனுங்க. இந்தக் கூடைப் புளி முடியறதுக்குள்ள சொல்லிடறேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டாவது வாரம் தூரக்கோள் படம் வந்துச்சு. அவரு ஓட்டிட்டுப் போனது ரிக்கு வண்டி. தெரியுமில்லீங்க, ஆழ்துளைக் கிணறு போடற வண்டி. எங்க திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆம்பளை அதுலதான் இருப்பாங்க. ஒடிசா, சத்தீஸ்கர்னு போனா மழைக்காலத்துக்குத்தான் திரும்புவாங்க. தரைக்குள்ள அத்தனை அடி இறங்கறவருக்கு ஆகாசத்து மேல என்ன ஆசையோ, நட்சத்திரம், ராக்கெட்டுன்னா உசுரு. கிளம்பறதுக்கு முந்தின நாள் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கு அந்தப் படத்துல ஒண்ணும் புரியலீங்க. பாதியில தூங்கிட்டேன். கல்யாண அலுப்பு, அப்புறம் தியேட்டர்ல நல்லாக் குளுகுளுன்னு காத்து.

நான் முழிச்சிருந்தப்போ பாத்தது இதுதான். தப்பா இருந்தா திருத்துங்க. ஆகாசத்துல போற கப்பல்ல அஞ்சு பேரு போறாங்க. படுக்கை ஆறு இருக்குது. சாப்பாட்டு நேரம் வந்தா கேப்டன் ஆறு தட்டு வைக்கிறாரு. அஞ்சு பேரும் சாப்பிடறாங்க, ஆறாவதை யாரும் தொடறதில்ல. யாருக்குன்னு கேட்டா கேப்டன் சொல்றதும் இல்ல. கடைசியில கதவை வெளிப்பக்கம் நின்னு மூடி மத்தவங்களைக் காப்பாத்திட்டு அவரு செத்துப் போறாரு. தட்டு யாருக்குன்னு சொல்லாமயே படம் முடிஞ்சு போச்சு. சரிங்களா?

வெளிய வந்ததும் அவரு கேட்டாரு, "நாகு, அந்தத் தட்டு யாருக்குடி?" நான், "ஹோட்டல்ல சாப்பிட்டுட்டுப் போலாங்களா"ன்னேன். அன்னிக்குச் சிரிச்சாரு பாருங்க. பரோட்டாக் கடையில இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

மறுநாள் வண்டி ஏறிட்டாரு. போன் பேசினா என்னங்க பேசறது? ரெண்டு வாரம் பழகின மனுஷன். "சாப்டியா", "சாப்டேன்", "அம்மா நல்லா இருக்குதா", "நல்லா இருக்காங்க". அப்புறம் ரிக்கு சத்தம் மட்டும் கேக்கும். ஒரு நாள் அவரு, "அந்தத் தட்டைப் பத்தி யோசிச்சியா?"ன்னாரு. அன்னில இருந்து அதேதானுங்க. அவரு தட்டுல சோத்தைப் போட்டுட்டுக் கூப்பிடுவாரு, நானும் போட்டுக்குவேன், ரெண்டு பேரும் போனை வச்சுக்கிட்டே சாப்பிடுவோம். அவரு படத்தைச் சொல்லுவாரு. நான் தூங்கின பாகம் எல்லாம் அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேற என்ன பேசினோம்னு கேட்டீங்கன்னா, எனக்குச் சொல்லத் தெரியலீங்க. பாப்பா பிறந்ததைச் சொன்னப்போகூட அழுதுட்டு, அப்புறம், "அந்தக் கப்பல்ல ஒரு குழந்தை அழற சத்தம் வருமே, கவனிச்சியா?"ன்னாரு.

அந்த நேரத்துலதான் படத்தைப் பத்திப் பேசற உங்க வாட்ஸ்அப் குரூப்ல சேந்தாரு. படிச்சவங்க, இன்ஜினியர், நர்ஸ் எல்லாரும் இருக்காங்கன்னு பெருமை. வாய்ஸ்லயே பேசி அனுப்புவாரு. அவருக்கு அந்த ஆறாவது ஆள் ஒரு துரோகி. கப்பலைக் காட்டிக் கொடுத்தவன், கேப்டனே வெளிய தள்ளிட்டாரு, அந்தப் பாவத்துக்குத்தான் தினமும் தட்டு வைக்கிறாருன்னு அடிச்சுச் சொல்வாரு. ஷாஜகான் தம்பி, தட்டு கேப்டனோட செத்துப் போன அண்ணனுக்குன்னு சொல்லும். நீங்க ரோபோ.

ஒரு நாள் சாப்பிடறப்போ நான் வாய் தவறிச் சொல்லிட்டேனுங்க. "ஏனுங்க, அந்தத் தட்டை மட்டும் கேப்டன் மூடி வைக்கிறாருல்லீங்க?"ன்னு. "ஆமா, அதுக்கென்ன?" "செத்தவங்களுக்கு யாராவது மூடி வைப்பாங்களா? செத்தவங்களுக்கு இலையில படைச்சுத் தொறந்து வைப்போம். மூடி வைக்கிறது வீட்டுக்கு வர நேரமாகிறவங்களுக்குத்தானே. அந்த ஆளு எங்கயோ உசுரோட இருக்குதுங்க. அவரு சம்சாரமா இருக்கும். அவங்க கப்பல்லயே ஏறல, ஊர்ல இருக்காங்க. அவங்க சாப்பிடற நேரத்துக்கு இவரு தட்டு வைக்கிறாரு."

அவரு சிரிச்சு, சோறு புரை ஏறிப் போச்சு. "போடி இவளே. இது சயின்ஸ் படம், உங்கம்மா வீட்டு அடுப்படின்னு நினைச்சியா? இதைக் குரூப்ல போட்டா என்னைத் துரத்தி விட்ருவாங்க"ன்னாரு. நானும் சிரிச்சேன். அவருக்குத்தானுங்க அறிவு. எனக்கு அஞ்சாவதோட நின்னு போச்சு.

அப்புறம் போன வருஷம் அடுத்த படம் வருதுன்னு சொன்னாங்க. எனக்கு நெம்ப சந்தோஷம். அடுத்த படம்னா செத்த கேப்டன் எப்படி வருவாரு, வேற யாராவது நடிப்பாங்களான்னு கேட்டேன். "அப்படி இல்லடி, இது முன்கதை. முதல் படத்துக்கு முன்னாடி நடந்தது. கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி"ன்னாரு. எனக்கு மண்டையில ஏறலீங்க. பின்னாடி வர்ற படம் எப்படி முன்னாடி நடக்கும்? அவரு பொறுமையாச் சொன்னாரு. "நான் உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ நடந்ததை இப்ப உக்காந்து பேசறோமில்ல, அந்த மாதிரி." "அப்ப கேப்டன் உசுரோட இருப்பாருங்களா?" "படம் பூரா இருப்பாரு." "அவருக்குத் தெரியுமா, தான் செத்துப் போறது?" "அவருக்கு எப்படித் தெரியும், நமக்குத்தான் தெரியும்."

அதுதான் அவரு கடைசியா எனக்கு நல்லா விளக்கிச் சொன்னது.

ரிக்குல ராடு மாட்டறப்போ செயின் அறுந்துருச்சுன்னாங்க. எனக்கு அதுக்கு மேல தெரியாது, நான் கேக்கவும் இல்ல. மூடித்தான் கொண்டு வந்தாங்க. முகம் மட்டும் நல்லா இருந்துச்சு.

காரியம் எல்லாம் முடிஞ்சு அவரு பையைக் கூட வேலை பாத்தவரு கொண்டு வந்து கொடுத்தாரு. ரெண்டு சட்டை, ஒரு போர்வை, போனு. போனைச் சார்ஜ் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு கேட்டா தெரியலீங்க, செத்துக் கிடந்துச்சு, போட்டேன். டக்கு டக்குன்னு உங்க குரூப்ல இருந்து வந்துக்கிட்டே இருக்குது. "சென்னி அண்ணே, எங்க ஆளைக் காணோம்", "அண்ணே, டீசர் பாத்தீங்களா", "துரோகி ஓடிட்டாரா". எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படிச்சேன். கடைசியில ஷாஜகான் தம்பி போட்டிருந்துச்சு, "அண்ணே, செத்துட்டீங்களா? பதிலே காணோம்"னு. பக்கத்துல ஒரு சிரிக்கிற மொகம்.

அந்தத் தம்பி மேல தப்பில்லீங்க. அது தெரியாம விளையாட்டுக்குக் கேட்டது. ஆனா நான் அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பப் படிச்சேன். ஊரே வந்து அழுதுட்டுப் போச்சு. சொந்தம், பந்தம், பால்காரர் வரைக்கும் எல்லாரும் அவரு செத்துட்டாருன்னு ஒத்துக்கிட்டாங்க. இந்த ஒரு இடத்துலதான் ஒருத்தர் இன்னும், செத்துட்டீங்களான்னு கேள்வியா கேக்கறாங்க. நான் அந்த எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினேன். "இருக்கேன்"னு போட்டேன்.

அவ்வளவுதானுங்க. அந்த ஒரு வார்த்தை. அதுக்குப் போயி எத்தனை பேரு கை தட்டி, பூ போட்டு, "வாங்கண்ணே வாங்கண்ணே"ன்னு! நான் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். அவரு வந்த மாதிரியே இருந்துச்சு.

வாய்ஸ் ஏன் அனுப்பறதில்லைன்னு கேட்டீங்க. தொண்டை சரியில்லைன்னு போட்டேன். "அண்ணன் எழுத ஆரம்பிச்சதுல இருந்து ஒவ்வொரு வார்த்தையும் எண்ணிப் பேசறாரு"ன்னு நீங்கதான் பாராட்டினீங்க. எண்ணிப் பேசலீங்க, எழுத்துக் கிடைக்கறதில்ல. கொம்பு எங்க இருக்குது, கால் எங்க இருக்குதுன்னு தேடறதுக்குள்ள பாப்பா அழுதுரும்.

முதல்ல சும்மா "ஆமா", "இல்ல", "பாக்கலாம்"னுதான் போட்டுட்டு இருந்தேன். தை மாசம் எல்லாரும் சேந்து, அண்ணே, படம் வரப் போகுது, கடைசியா என்ன சொல்றீங்க, துரோகிதானான்னு மடக்கினீங்க. எனக்கு வேற எதுவும் தெரியலீங்க. அந்த மூடியைப் பத்தி எழுதினேன். எழுத ஒரு மத்தியானம் ஆச்சு. தட்டை மூடி வச்சா வர்றவங்களுக்கு, தொறந்து வச்சா போனவங்களுக்குன்னு. போட்டுட்டுப் போனைக் கவுத்து வச்சுட்டேன். அவரு பேரைக் கெடுத்துட்டோமே, துரத்தி விட்ருவாங்களேன்னு.

நீங்கதானே அக்கா மொதல்ல போட்டீங்க? "அண்ணே, இத்தனை தடவை பாத்தோம், மூடியை ஒருத்தர் கவனிக்கலையே"ன்னு. அப்புறம் அதை யூடியூப்ல யாரோ பேசி, ஊர் பூராப் பரவி, திருச்செங்கோட்டு சென்னியப்பன் சொன்னதுன்னு அவரு பேரைச் சொன்னாங்களாமே. அதைக் கேட்டு நான் போட்டோவுக்கு முன்னாடி போயி நின்னு, "பாத்தீங்களா, உங்களைத் துரத்தல"ன்னேன்.

என்னக்கா பாக்கறீங்க? அது என்னோடதுன்னா? ஐயோ, இல்லீங்க. அவரு யோசிக்கச் சொல்லித்தானே நான் யோசிச்சேன்? அவரு இருந்திருந்தா கடைசியில அவரே அங்கதான் வந்திருப்பாரு. சிரிச்சாருதான். சிரிச்சுட்டு அப்புறம் யோசிக்கிற ஆளுங்க அவரு. நான் என்ன, எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வெளிய சத்தம் கேக்குதா? இல்லீங்களா. சரி. அத்தை இப்பக் காதைத் தீட்டி வச்சிருக்காங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. ஒரு நாள் நீங்க எல்லாரும் ஷாஜகான் தம்பி பொண்ணு பாக்கப் போன கதையைப் பேசிட்டு இருந்தீங்கல்ல, பஜ்ஜி சுட்டு நாக்கு வெந்து, பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேச முடியாமத் திரும்பி வந்துச்சே? நான் சிரிச்சுட்டேன். அத்தை பாத்துட்டாங்க. "புருஷன் போயி வருஷம் திரும்பல. போனைப் பாத்துப் பல்லைக் காட்டறா. எவன்டி அவன்?"னு கேட்டுட்டாங்க. உங்க மகன்கூடத்தான் அத்தை பேசிட்டு இருக்கேன்னா சொல்ல முடியும்? தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அன்னில இருந்து அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை ஒட்டிப் பேசறதில்ல. கொழுந்தனாரு போனை வாங்கிக் கடையில வித்துடப் போறேன்னாரு. பாப்பா அவங்கப்பா போன்ல இருக்கற பாட்டைக் கேக்கும்னு சொல்லித் தப்பிச்சேன்.

அமாவாசைக்கு அத்தை இலை போட்டுப் படைச்சாங்க. காக்காயும் வந்து எடுத்துச்சு. "எம்மவன் வந்துட்டான்"னு அழுதாங்க. நானும் கும்பிட்டேன். சாயந்திரம் அடுக்களைக்குள்ள வந்து, ஒரு தட்டு மூடி இருக்கறதைப் பாத்துட்டு, "இது யாருக்குடி?"ன்னு கேட்டாங்க. மிஞ்சின சோறுங்க அத்தைன்னேன். மிஞ்சின சோறுதானுங்க. பழக்கம். வேற ஒண்ணுமில்ல.

அக்கா, இப்ப நீங்க கொண்டாந்ததைப் பிரிச்சுக் காட்டுங்களேன். என் கை ஆகாது... ஐயோ. எவர்சில்வர் தட்டுங்களா. மூடியோட. பேரு வெட்டியிருக்குது. "சென்னியப்பன் அண்ணனுக்கு, தூரக்கோள் தம்பி தங்கைகள்." நல்லா அழகா வெட்டியிருக்காங்க. எங்க கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்துல எல்லாம் "செண்ணியப்பன்"னு மூணு சுழி போட்டு வெட்டிட்டாங்க, அவரு நெம்ப நாள் புலம்பிட்டு இருந்தாரு. இது சரியா இருக்குது.

டிக்கெட்டுங்களா? எனக்கு எதுக்கு? சித்திரை ஒண்ணாந்தேதி, ஈரோட்டுல, எல்லாரும் சேந்து. தெரியுமுங்க, நீங்க பேசிக்கிட்டதைப் பாத்தேன். அண்ணன் நடுவுல உக்காரோணும்னு. நான் வர முடியாதுங்க. வருஷம் திரும்பாம சினிமாவுக்குப் போனா ஊர் என்னை வாழ விடாது. போகாட்டிப் போச்சு. ஆனா ஒண்ணுங்க. டிரெய்லர்ல கேப்டன் வர்றாரு பாத்தீங்களா, சட்டை மடிச்சு விட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, ஒரு வீட்டுப் படியிறங்கி? நான் அதைப் பாப்பா தூங்கறப்போ போட்டுப் போட்டுப் பாப்பேன். அவருக்கு ஒண்ணுமே தெரியலீங்க. நமக்கு எல்லாம் தெரியுது, படத்துக்குள்ள போயிச் சொல்ல முடியுமா? சொல்ல முடிஞ்சாலும் சொல்லக் கூடாதுங்க. பாவம், அவரு இருக்கற வரைக்கும் இருக்கட்டும்.

அதைத்தான் உங்ககிட்டக் கேக்கறேன். குரூப்ல சொல்லாதீங்க அக்கா.

எப்பவுமேன்னு கேக்கலீங்க. படம் வர்ற வரைக்கும். அப்புறம் நானே சொல்லிடறேன். தட்டு யாருக்குன்னு தெரியாமயே அவரைப் போகச் சொல்றது நியாயமா, சொல்லுங்க? படம் வந்து, நாம சொன்னது தப்புன்னே இருந்தாலும், "தம்பிகளா, நான் தோத்துட்டேன்"னு அவரு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போகட்டும். தோக்கறதுக்கு அவரு கூச்சப்படவே மாட்டாரு. சீட்டாட்டத்துல எல்லாம் தோத்துட்டு அவருதான் முதல்ல கை தட்டுவாரு. நீங்க இன்னிக்கே சொல்லிட்டீங்கன்னா, நாளைக்குக் காலையில "வணக்கம்ணே"ன்னு ஒருத்தரும் போட மாட்டாங்க. "ஆழ்ந்த இரங்கல்"னு வரிசையா வந்து விழும். அதை நான் ஒரு தடவை பாத்துட்டேனுங்க. இந்த வாசல்லயே பாத்துட்டேன். திரும்பவும்னா என்னால...

போன் அடிக்குதா? உங்களதுங்களா, இதுங்களா? ரெண்டும் சேந்தே அடிக்குது. குரூப்பாத்தான் இருக்கும். என் கை இப்படி இருக்குது, நீங்களே படிங்க. ஷாஜகான் தம்பியா? "ரெஜினாக்கா, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டீங்களா, அண்ணனைப் பாத்தீங்களா, போட்டோ போடுங்க." பாருங்க, எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. நீங்க பதில் போடலைன்னா சந்தேகப்படுவாங்க.

போடுங்க அக்கா. பாத்தேன்னு போடுங்க. அது பொய்யில்லீங்க, சுவத்துல பாத்தீங்கல்ல? தட்டைக் கொடுத்துட்டேன்னு போடுங்க. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம்னு... வேண்டாம், அதைப் போடாதீங்க. போட்டோ எடுக்க ஒத்துக்கலை, அண்ணன் கூச்சப்படறாருன்னு போடுங்க. தியேட்டருக்கு வருவாரான்னு கேப்பாங்க. வர முடியாதுன்னு போடுங்க. ஏன்னு கேட்டா...

"நாகு! ஏ நாகு! புளி எடுக்க வண்டி வந்துருச்சு, உள்ளயே என்னடி பண்றே?"

இதோ வந்துட்டேனுங்க அத்தை! அக்கா, கண்ணைத் தொடைச்சுக்கங்க. சீக்கிரம் போட்டுருங்க. ஏன் வரலைன்னு கேட்டா, ரிக்கு மறுபடியும் கிளம்பிருச்சு, தூரமாப் போயிருக்காரு, இந்தத் தடவை திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்னு போடுங்க.